விடியாத துவாதசி

எம்பெருமானுக்கு மூன்று திருக்கோலங்கள் உண்டு என்பதைப் பாசுரம் ஓதுகிறவர்கள் எல்லோரும் அறிவார்கள். நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம். கடல்மல்லை என்று பாசுரம் சொல்லும் மாமல்லபுரத்தில் அவன் கிடந்த கோலத்தில் இருக்கிறான். பாம்பணையும் இல்லாமல், வெறுந்தரையில், ஒரு கையைத் தலைக்கு வைத்து, மறு கையால் யாரையோ அழைப்பதுபோல் கிடக்கிறான். விமானத்தில் மலிவான இருக்கை வாங்கியவர்களுக்கு வாய்ப்பது இருந்த கோலம் ஒன்றுதான். முழங்கால் முன்னிருக்கையில் முட்டும். முழங்கையை எங்கே வைப்பது என்று தெரியாது. தலை சாய்ந்தால் அந்நியர் தோளில் விழும். ஓர் இரவு முழுவதையும் அப்படியே கழிக்க வேண்டும்.

என் கணவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இருந்த கோலத்திலேயே கழித்தவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்குப் பேருந்து ஓட்டினார். விடியற்காலையில் கிளம்பும் முதல் வண்டி பல ஆண்டுகள் அவருடையதாக இருந்தது. அந்தச் சாலை கிழக்கே கடலை நோக்கிப் போவது. ஆகையால் தினமும் சூரியன் தம் முகத்துக்கு நேரேதான் உதிக்கிறான் என்று ஒரு பெருமை அவருக்கு இருந்தது. ஓய்வு பெற்றபோது அவர் கால்களில் நரம்புகள் கயிறுபோல் சுருட்டிக்கொண்டு நின்றன. பிறகொரு மழைக்காலத்தில் இடது கெண்டைக்கால் வீங்கிச் சிவந்து, உள்ளே இரத்தம் உறைந்துவிட்டது என்றார்கள். பல மாதங்கள் மாத்திரை விழுங்கினார். வீக்கம் வடிந்த பிறகு, மாத்திரை போதும் என்று மருத்துவரே நிறுத்திவிட்டார்.

எங்கள் ஒரே மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். அவளுக்கு அங்கே ஏதோ காகிதச் சிக்கல். ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியுமா என்பது உறுதியில்லை. அதனால் அவள் வருவது ஆண்டுக்காண்டு தள்ளிப்போயிற்று. கடைசியில் அவரே ஒரு நாள், "அது வர முடியலன்னா நாமதான் போவணும். கைபேசியில எத்தினி நாளைக்கு மூஞ்சி பாத்துகினு இருக்கறது?" என்றார். மகளின் வாசலில் போய் நிற்பது ஒன்றே அதன்பின் அவருடைய விருப்பமாக இருந்தது.

செங்கல்பட்டில் அவர் காலைப் பார்த்த மருத்துவர், போகலாம் என்று சொல்வதற்கு முன் வெகுநேரம் யோசித்தார்.

"பெரியவரே, அவ்ளோ தூரம் உக்காந்தே போகக் கூடாது. மணிக்கொரு தடவை எழுந்து நடக்கணும்" என்றார்.

"டாக்டரு, காலம் பூரா உக்காந்துகினே சம்பாரிச்சவன் நானு. எனக்குப் போயி உக்கார கத்துக் குடுக்கிறீங்களே."

மருத்துவர் சிரிக்கவில்லை. "அப்ப உக்காந்ததுதான் இப்ப கால்ல வந்து நிக்குது. இறுக்கமான காலுறை எழுதித் தரேன், போட்டுக்குங்க. வாய் காயாம தண்ணி குடிச்சிக்கிட்டே இருங்க. ரத்தம் மறுபடி உறைஞ்சா அது கால்லயே இருக்காது. நெஞ்சுக்கு ஏறும். ஏறிட்டா பக்கத்துல டாக்டர் இருந்தாக்கூட நேரம் கிடைக்காது." கடைசி வாக்கியத்தை அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் பயணத்தில் அவருடைய இடது கால்தான் முதன்மையான சரக்கு. அதைப் பத்திரமாக அந்தப் பக்கம் கொண்டு சேர்க்க வேண்டும். மற்றவை எல்லாம் பெட்டியில் வைக்கும் துணிமணிதான்.

அவருடன் பணியாற்றி ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர், மதுராந்தகத்துக்காரர், செய்தி கேட்டு வந்து சேர்ந்தார். மகனைப் பார்க்க ஒருமுறை துபாய் போய்வந்தவர். அந்த ஒரு பயணத்தால் விமானக் கலை முழுவதும் தமக்குக் கைவந்துவிட்டது என்று நம்புகிறவர்.

"இன்னா அண்ணாத்த, கடைசீல உன்னையும் பாசஞ்சரா ஆக்கிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். "கழுத்துக்கு மாட்டற தலகாணி வாங்கிக்க. மாட்டுக்குப் பட்டை கட்டன மாரிதான் இருக்கும், ஆனா கழுத்து தொங்காது. காது அடைச்சா எச்சிய முழுங்கு. சன்னலோரம் மட்டும் கேக்காத, எழுந்துக்கறது பேஜாரு."

"நான் சன்னலோரம்தான்டா கேப்பேன். வெளிய பாக்காம வண்டில உக்காந்து எனக்குப் பழக்கமில்ல" என்றார் இவர்.

"அந்தக் கண்ணாடில இன்னா தெரியும்? எதிர்ல லாரியா வரப்போவுது?"

இருவரும் சிரித்தார்கள். கழுத்துத் தலையணையை நாங்கள் கூடுவாஞ்சேரியில் ஒரு கடையில் வாங்கினோம். சாம்பல் நிறம். அதை மாட்டிக்கொண்டு ஒரு மாலை முழுதும் வீட்டில் நடந்தார். காலுறையை ஏற்றுவதற்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து போராட வேண்டியிருந்தது.

பயணச்சீட்டை மகள் வாங்கி அனுப்பினாள். மலிவாகக் கிடைத்த நாளைப் பார்த்தாளே தவிர, பஞ்சாங்கம் பார்க்கவில்லை. அவளுக்குத் தேதி தெரியும். திதி தெரியாது. நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தபோது, நாங்கள் விமானம் ஏறுவது வைகுண்ட ஏகாதசி இரவு என்று தெரிந்தது.

ஏகாதசியன்று உண்ணாமல் இருந்து, இரவு கண்விழித்து, மறுநாள் துவாதசி விடிந்ததும் நெல்லிக்காயும் அகத்திக்கீரையும் சேர்த்துப் பாரணை செய்வது எங்கள் வீட்டு வழக்கம். நான் பழமும் நீரும் எடுத்துக்கொள்வேன். அவர் ஒரு சொட்டு நீரும் தொடமாட்டார். வண்டி ஓட்டிய காலத்தில் அவர் எந்த விரதமும் இருந்ததில்லை. "ஸ்டேரிங் புடிக்கறவன் பட்டினி கெடந்தா பாசஞ்சருக்குத்தான் பாவம்" என்பார். ஓய்வு பெற்றபின், விட்டுப்போன ஏகாதசிகளுக்கெல்லாம் சேர்த்துப் பெருமாளுக்குக் கடன் அடைப்பவர்போல் அவ்வளவு கடுமையாகப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டரு தண்ணி குடிக்கச் சொன்னாரே" என்றேன்.

"குடிக்க மாட்டேன்னு எவன் சொன்னான்? வண்டி எடுக்கறதே நடு ராத்திரிக்கு மேல. ஏறி ஒரு தூக்கம் போடற நேரத்துல விடிஞ்சிடும். துவாதசி பொறந்துச்சுன்னா அண்டா அண்டாவா குடிக்கறேன். போதுமா?"

யோசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் பட்டது. மார்கழியில் எங்கள் ஊரில் எப்போது விடியும் என்பது, பள்ளியெழுச்சிப் பாடல்களைப் பாடிப் பாடி என் உடம்புக்கே தெரியும். நள்ளிரவுக்குப் பின் கிளம்பினால் விடியலுக்குச் சில மணி நேரம். அதற்குள் என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். சூரியன் எங்கிருந்தாலும் அதே நேரத்துக்கு வந்துவிடுவான் என்று எண்ணியவர்கள் நாங்கள்.

ஏகாதசியன்று இருட்டிலேயே மாமல்லபுரம் போய்ச் சொர்க்க வாசல் சேவித்தோம். கடற்காற்று குளிர்ந்தடித்தது. கூட்டத்தோடு கூட்டமாக அந்த வாசலைக் கடந்தபோது அவர் என் கையைப் பற்றியிருந்தார். உள்ளே, தரையில் கிடந்தவன் முன் நின்று, "பொண்ணு வூட்டுக்குப் போயிட்டு வரேன், பாத்துக்க" என்று, பணிமனையில் சொல்லிவிட்டுப் போவதுபோல் சொன்னார். அன்று மாலை பெட்டிகளுடன் வாடகைக் காரில் ஏறி, சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி, நெரிசலில் ஊர்ந்து விமான நிலையம் சேர்ந்தோம். ஓட்டுநரின் ஒவ்வொரு பிரேக்குக்கும் அவருடைய வலது கால் தானாக அழுந்தியது.

அவர் கேட்டபடி சன்னலோரம் கிடைத்தது. நடுவில் நான். வெளி இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர். பருத்த உடல், கண்ணுக்குக் கறுப்புத் துணி, காதுக்குப் பஞ்சு. விமானம் எழும்புவதற்குள் உறங்கிவிட்டார். என் மடியில் ஒரு சிறு எவர்சில்வர் டப்பா இருந்தது. அதில் நெல்லிக்காயும், வாட்டி எடுத்த அகத்திக்கீரையும், துளசியும். பாதுகாப்புச் சோதனைக்குப் பின் வாங்கிய தண்ணீர்ப் போத்தலைக் காலடியில் வைத்திருந்தேன்.

நீண்ட விமானப் பயணத்தில் உடம்பு மெல்ல மெல்ல நம்முடையதல்லாமல் போகிறது. முதலில் பாதங்கள் வீங்கிச் செருப்புக்கு அடங்காமல் போகின்றன. பிறகு இடுப்பு கடுக்கிறது. அந்தக் காற்றில் ஈரமே இல்லை. உதடு காய்கிறது, கண் எரிகிறது, மூக்கினுள் உப்பு வைத்தாற்போல் இருக்கிறது. வயிறு நிறைய நீர் குடித்தவருக்கே தாகமெடுக்கும் காற்று அது. முந்தைய இரவிலிருந்து நீர் தொடாதவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை.

தொடக்கத்தில் ஒருமுறை எழுந்து நடந்தார். வெள்ளைக்காரரை எழுப்பித்தான் போக வேண்டியிருந்தது. அவர் முனகிக்கொண்டே எழுந்து வழிவிட்டார். திரும்பி வந்து அமர்ந்தபின் இவர் மறுபடி எழவில்லை.

"இன்னாங்க, நேரமாச்சு. இன்னொரு தபா நடந்துட்டு வாங்க."

"தூங்கற மனுசன எத்தினி வாட்டி எழுப்பறது? ஸ்டாப்பு வர வரைக்கும் தூங்கற பாசஞ்சர நான் எழுப்பனதே இல்ல."

"கால மட்டுமாவது ஆட்டுங்க."

"ஆட்டிகினுதான் கீறேன். நீ பாட்ட சொல்லு."

கண்விழிப்புக்காக நான் பாசுரங்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னிருக்கையின் முதுகில் சிறு திரை. அதில் உலகப் படமும், அதன்மேல் ஒரு குட்டி விமானமும். படத்தில் இரவு கறுப்பு நிழலாக விரிந்திருந்தது. வேறு எதையும் பார்க்காமல் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் கழித்து, "தா, இதப் பாரு" என்றார். "கறுப்பு நம்ம கூடவே வந்துகினு கீது."

பார்த்தேன். வெளிச்சத்தின் விளிம்பு எங்களுக்குப் பின்னால் இருந்தது. எங்கள் ஊர் அந்த வெளிச்சத்துக்குள் போய்விட்டிருந்தது. எங்கள் விமானம் இருட்டின் மேல் இருட்டோடு ஓடிக்கொண்டிருந்தது. சூரியன் துரத்தி வருகிறான், நாங்கள் மேற்கே தப்பி ஓடுகிறோம். அவருக்குத்தான் முதலில் புரிந்தது. வாழ்நாளெல்லாம் சூரியனை நோக்கி வண்டி ஓட்டியவர் அல்லவா?

"டிரைவருகிட்ட சொல்லி ஒரு அஞ்சு நிமிசம் ஓரங்கட்டச் சொன்னா போதும். சூரியன் புடிச்சிடும்" என்றார். குரல் கரகரத்தது.

நான் போத்தலை எடுத்துத் திறந்தேன். "நம்ம ஊர்ல விடிஞ்சி எந்நேரமோ ஆச்சு. கோயில்ல தீர்த்தமே குடுத்து முடிச்சிருப்பாங்க. துவாதசி பொறந்துடுச்சு. குடிங்க."

"வண்டி எந்த ஊருல போவுதோ அந்த ஊரு டைமுதான். திருக்கழுக்குன்றத்துல நின்னுகினு மாமல்லபுரம் டைம எழுதினா செக்கிங் இன்ஸ்பெக்டரு சும்மா வுடுவானா?"

"இது பஸ்ஸு இல்ல."

"டிக்கெட்டு இருக்குது, சீட்டு நம்பரு இருக்குது. பின்ன இன்னா இது?"

வாதத்தில் அவரை வெல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். ஆகவே கதையை எடுத்தேன். கடல்மல்லையில் முனிவர் ஒருவர் கடலை இறைத்துப் பாற்கடலில் இருக்கும் பெருமாளிடம் போகப் பார்த்தார். அப்போது பெருமாளே ஒரு கிழவனாக வந்து, பசிக்கிறது, சோறு வேண்டும் என்று கேட்டான். முனிவர் சோறு கொண்டுவரப் போன வேளையில், பெருமாளுக்கென்று அவர் வைத்திருந்த பூக்களைத் தானே சூடிக்கொண்டு தரையில் படுத்துவிட்டான். "அவனே வாயத் தொறந்து பசிக்குதுன்னு கேட்டிருக்கான். உங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்றேன்.

அவர் மெல்லச் சிரித்தார். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது. "அவுரு பெருமாளு. அவுருக்கு ஏது ஏகாதசி?"

பணிப்பெண் இருமுறை குவளைகளில் நீர் கொண்டுவந்தாள். ஒவ்வொரு முறையும் அவர் கைகூப்பி மறுத்தார். கூப்பிய கைகளைக் கண்டு அவளும் தலை வணங்கிப் போனாள். வணக்கம் சொல்கிறார் என்று நினைத்திருப்பாள்.

அதன்பின் நான் பள்ளியெழுச்சிப் பாடல்களைத் தொடங்கினேன். அவை எம்பெருமானை எழுப்ப வந்தவை. கிழக்கு வெளுத்தது, பறவைகள் ஒலித்தன, இருள் அகன்றது, எழுந்தருள்வாய் என்று கெஞ்சும் பாடல்கள். அந்த வேளையில் அந்தச் சொல் ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தது. கிழக்கு எங்களுக்குப் பின்னால் எங்கோ வெளுத்துக்கொண்டிருந்தது. பறவைகள் பறக்கும் உயரம் அல்ல அது. அன்று நான் எழுப்ப முயன்றது எம்பெருமானை அல்ல, சூரியனை. அவன் எழவில்லை.

"கால் மரத்துப்போச்சு" என்று ஒருமுறை சொன்னார். நான் குனிந்து கெண்டைக்காலைத் தொட்டேன். காலுறைக்கு மேலேயே சூடு தெரிந்தது. உடனே வெள்ளைக்காரரின் தோளைத் தட்டி எழுப்பினேன். அவர் விழிப்பதற்குள் விமானம் குலுங்கத் தொடங்கியது. எல்லோரும் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு இருக்கையிலேயே இருக்க வேண்டும் என்று அறிவித்துவிட்டார்கள். அந்தக் குலுக்கல் நெடுநேரம் நீடித்தது. பிறகு தரையிறங்கும் நேரம் வந்துவிட்டது.

இறங்கத் தொடங்கியபோதுதான் சன்னலில் ஒரு சிவந்த கோடு தெரிந்தது. வட்டம் அல்ல, கோடுதான். அவர் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டவைத்துப் பார்த்தார்.

"இது போதும்" என்றார். "குடு."

போத்தலில் துளசியை இட்டு நீட்டினேன். நிறுத்தாமல் குடித்தார். அகத்திக்கீரையைச் சிறிது வாயிலிட்டு, நெல்லிக்காயைக் கடித்து, மறுபடி நீர் குடித்தார். நெல்லிக்குப் பின் குடித்த நீரின் இனிப்பில் அவர் முகம் மலர்ந்தது. "தண்ணி இன்னாமே இப்பிடித் தித்திக்குது" என்றார். என்னிடம் அவர் பேசிய பேச்சில், முழுமையாக எனக்குக் கேட்ட கடைசிப் பேச்சு அதுதான்.

அங்கே இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். ஐரோப்பாவில் அது ஒரு பெரிய நகரம். வெளியே வந்ததும் நீண்ட கண்ணாடி நடைவழி. ஒருபுறம் முழுவதும் விடியல் நிரம்பியிருந்தது. கழுத்துத் தலையணை கழுத்திலேயே இருக்க, இடது காலை இழுத்து இழுத்து நடந்தார். பாதி வழியில் சுவரைப் பிடித்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூச்சு வரவில்லை. மடங்கித் தரையில் சரிந்தார். யார் யாரோ ஓடிவந்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள். மருத்துவர்களும் பெட்டிகளும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. செங்கல்பட்டு மருத்துவர் சொன்னபடியே, அவர்கள் இருந்தும் நேரம் இருக்கவில்லை. வெறுந்தரையில் கிடந்தார். ஒரு கை நீண்டு கிடந்தது.

மகள் அங்கே வந்து சேர்ந்தாள். காகிதங்களைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அனுமதிகள் கிடைத்து, அவரை ஊருக்கு அனுப்புவதற்குள் சில நாட்கள் போயின. மதுராந்தகத்து நடத்துநர் தொலைபேசியில் அழைத்தார். வெகுநேரம் அழுகைதான் கேட்டது.

"அண்ணி, மனச வுட்ராதீங்க. வைகுண்ட ஏகாதசி வெரதம் முடிச்சி, துவாதசில போயிருக்காரு. யாருக்குக் கெடைக்கும்? அந்த வாசலு தெறந்துகினே இருந்திருக்கும் அவருக்கு" என்றார்.

நான் ஓதிய பாசுரங்களும் அதைத்தான் சொல்கின்றன. அந்த வாசல் வழியாக அவர் போனார் என்பதை நான் மறுக்கவில்லை. அவர் போக விரும்பியது மகள் வீட்டு வாசலுக்கு.

திரும்பும் விமானம் மாலையில் கிளம்பியது. கீழே, சரக்கு வைக்கும் அறையில், அவர் கால் நீட்டிப் படுத்து வந்தார். அந்த விமானத்தில் அப்படிப் படுத்து வந்தவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். மேலே நான் வெளி இருக்கையைக் கேட்டு வாங்கியிருந்தேன். மகள் என் தோளில் சாய்ந்து அழுது ஓய்ந்து உறங்கினாள். அவள் தலையை இருக்கையில் சாய்த்துவிட்டு, அவளை எழுப்பாமல் எழுந்துகொள்ள முடிந்தது. பணிப்பெண் நீர் கொண்டுவந்தபோதெல்லாம் வாங்கிக் குடித்தேன். மணிக்கொரு தடவை எழுந்து, உறங்கும் மனிதர்களுக்கு நடுவே, அந்தக் குறுகிய வழியில் விமானத்தின் வால்வரை போய் வந்தேன். மருத்துவர் அவருக்குச் சொன்ன நடையை நான் நடந்தேன். என் காலடிக்குக் கீழே எங்கோ அவர் இருந்தார். அவருக்கு நேர் மேலே எந்த இடம் என்று தெரியாததால், ஓரிடமும் விடாமல் நடந்தேன்.

கிழக்கே போகும் விமானத்துக்கு இரவு சுருங்கிவிடுகிறது. சூரியன் சீக்கிரமாகவே வந்துவிட்டான். பின்கதவின் சிறு சன்னலில் திரை சற்றே விலகியிருந்தது. அதை உயர்த்திப் பார்த்தேன். அவர் ஓட்டிய முதல் வண்டியில் வருவதுபோல், முன்பக்கமிருந்து, முழு வட்டமாக வந்தான். வெளிச்சம் பாய்ந்து, கடைசி வரிசையில் உறங்கியவர்களின் முகங்களில் விழுந்தது. பணிப்பெண் அருகே வந்து, அவர்கள் உறங்குகிறார்கள் என்று சைகையால் காட்டினாள்.

திரையை இறக்கிவிட்டேன்.